காடு எரிந்த ஆண்டின் ஷிராஸ்

கன்டெய்னர் வரும் நாட்களில் மங்கை தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டாள். பவுடர் கிடையாது, பூ கிடையாது. முந்தின நாள் மதியத்திலிருந்தே கருவாட்டையும் பூண்டையும் தொட மாட்டாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் விரதமா என்று கேட்பதுண்டு. விரதமெல்லாம் இல்லை. மூக்கைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மணலிக்குப் போகும் சாலையை ஒட்டிய அந்தக் கிடங்கில் வெளிநாட்டு ஒயின் வந்து இறங்கும். துறைமுகத்திலிருந்து வரும் அட்டைப்பெட்டிகளைச் சுங்க அதிகாரியின் முன்னிலையில்தான் பிரிக்க வேண்டும். கப்பலில் சூடேறி, கார்க் தள்ளி, ஏதோ ஒரு பாட்டில் கசிந்திருந்தால் அது அடியிலுள்ள பெட்டிகளையும் நனைத்துப் பாழாக்கிவிடும். எந்தப் பெட்டி என்று தெரியாமல் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டிருந்தால் அதிகாரிக்குப் பொறுமை இருக்காது. அதனால் அவர் வருவதற்கு முன் மங்கை நடப்பாள். ஆளுயரம் அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே, கையில் ஒரு சாக்பீஸோடு, கோயில் பிராகாரம் சுற்றுகிறவளைப் போல மெதுவாக. ஓரிடத்தில் நிற்பாள். குனிவாள். ஒரு பெட்டியின் மேல் வட்டம் போடுவாள். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பாட்டிலின் கழுத்து பிசுபிசுத்திருக்கும். ஒன்பது வருடத்தில் அவளுடைய வட்டம் தப்பியது மிகக் குறைவு.

அதற்கு முன் அவள் காசிமேட்டில் மீன் விற்றவள். கூடையைக் கிளறாமலே எந்த மீன் இன்று வந்தது, எது நேற்றைய ஐஸில் கிடந்தது என்று சொல்வாள். பிறகு இங்கே ஸ்டிக்கர் மேசைக்கு வந்தாள். இறக்குமதியாளர் பெயரும் எச்சரிக்கை வாசகமும் அச்சடித்த ஸ்டிக்கரை ஒவ்வொரு பாட்டிலின் முதுகிலும் ஒட்டுகிற வேலை. ஒருநாள் ஒட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "அந்தக் கடைசி அடுக்குல நடுப்பொட்டி அழுவுது" என்றாள். சூப்பர்வைசர் பகலவன் சிரித்தான். பிரித்துப் பார்த்த பின் சிரிக்கவில்லை. மறுநாளே அவள் கையில் சாக்பீஸைக் கொடுத்தான்.

அவள் ஒரு சொட்டும் குடித்ததில்லை. ஆனால் உடைந்ததையும் கசிந்ததையும் முகர்ந்து முகர்ந்தே அவளுக்குத் திராட்சை வகைகள் பிடிபட்டன. லேபிளில் இருந்த பெயர்கள் வாயில் நுழையாததால் தானே பெயர் வைத்தாள். கெவுர்ஸ்ட்ராமினருக்குப் பெயர் கல்யாண வீடு; திறந்தால் பன்னீர் தெளித்த மாதிரி இருக்கும். பழைய ரிஸ்லிங்குக்கு ரேஷன் கடை, அதில் மண்ணெண்ணெய் வாடை வரும். சோவின்யோன் பிளாங்க், மாங்காய்த் தோல். ஒருமுறை கசிந்த மஸ்கட்டை முகர்ந்துவிட்டு, "இது நம்ம தள்ளுவண்டி பன்னீர் திராட்சதான், வெளிநாட்டுல போயி வெள்ளையா ஆயிகினு வந்துகீது" என்றாள். இறக்குமதிக் கம்பெனியின் ஆள் திலீப் அன்று அங்கே இருந்தான். முப்பது வயதுப் பையன், ஒயின் படிப்பதற்காகவே வெளிநாடு போய் வந்தவன். ஒரு நிமிடம் அவளையே பார்த்தான்.

"கம்பத்துல விளையுற பன்னீர் திராட்சையும் மஸ்கட் குடும்பம்தாங்க்கா. ஒரே வம்சம். உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? அதுவேதான் சொல்லுது."

அதிலிருந்து அதிகாரிக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் திலீப் அவளோடு பேசிக்கொண்டிருப்பான். எட்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஜார்ஜியா பக்கம் மண் தாழியில் திராட்சையைப் போட்டு நிலத்தில் புதைத்து வைத்தார்களாம். ஷிராஸ் என்ற பெயரில் பாரசீகத்தில் ஓர் ஊர் இருக்கிறதாம். கொடி அங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் நம்பினார்களாம். ரத்தச் சோதனை மாதிரி ஒன்று செய்து பார்த்தால் பிரான்சின் இரண்டு கொடிகளுக்குப் பிறந்த பிள்ளையாம் அது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பூச்சி வந்து ஐரோப்பா முழுக்க வேரைத் தின்றுவிட, அமெரிக்க வேரில் பழைய கொடியை ஒட்டுப்போட்டுத்தான் பிழைக்க வைத்தார்களாம்.

"காலு ஒரு ஊரு, தல ஒரு ஊரு," என்றாள் மங்கை.

"இனிமே தலையும் மாறணும்க்கா. வெயில் ஏறிக்கிட்டே போகுது. பழம் ஒரு மாசம் முன்னாடியே பழுத்துடுது. இப்போ இங்கிலாந்துல ஒயின் போடுறான். நோய் வராத புதுசு புதுசா கலப்புக் கொடி எல்லாம் உண்டாக்குறாங்க. நம்ம பசங்க காலத்துல இந்தப் பேருல பாதி இருக்காது."

பெயர்கள் போனால் போகட்டும், வாசனை எங்கே போகும் என்று அவள் அப்போது நினைத்தாள்.

*

தை பிறந்த வாரத்தில் ஒரு விடியற்காலை, ஏதோ ஒரு ஆலையிலிருந்து நச்சுக் காற்று கசிந்து அவள் குடியிருந்த காலடிப்பேட்டை வரைக்கும் வந்தது. கண் எரிந்தது. தொண்டைக்குள் ஊசி இறங்கிய மாதிரி இருந்தது. தெருவே முந்தானையை நனைத்து மூக்கில் வைத்துக்கொண்டு கிழக்கே கடலோரமாக நடந்தது. எட்டு மணிக்கெல்லாம் திரும்பி வந்து உலை வைத்தார்கள். அடுத்த வாரம் அவளுக்குச் சளி பிடித்தது. சளி போனது. அதன் பிறகு ஒருநாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகிக்கொண்டிருக்க, அவள் இரண்டடி தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து ஸ்டவ்வை அணைத்த போதுதான் தன் மூக்குக்கு எந்த வாசனையும் எட்டவில்லை என்று தெரிந்தது.

"சளியாலயும் இருக்கலாம், அந்தக் காத்தாலயும் இருக்கலாம்," என்றார் டாக்டர். "சில பேருக்குத் தானா திரும்பி வரும்."

"வராதவங்களுக்கு?"

அவர் மருந்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? காது போனால் கத்திப் பேசுவார்கள், கண் போனால் கையைப் பிடிப்பார்கள். இது போனால் யாருக்கும் தெரிவதில்லை. மார்க்கெட்டுக்குள் நடந்தாள், மீன்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவை போலப் பளபளத்தன. ரசம் வெறும் சுடுதண்ணீராகவும் புளிப்பாகவும் இருந்தது. தன் உடம்பே தன்னுடையதாக இல்லை. காலையில் இரண்டு ரவிக்கைகளை எடுத்து முகத்தில் வைத்து, எது துவைத்தது, எது துவைக்காதது என்று தெரியாமல் நின்றாள். இரண்டையும் மறுபடி துவைத்தாள். தெருவில் யாராவது ஒதுங்கி நடந்தால் தன்மேல் ஏதோ நாற்றமோ என்று பயந்தாள்.

புருஷன் ரகுபதி விசைப்படகு ஓட்டுகிறவன். இருபது நாள் கடலில், நாலு நாள் வீட்டில். பிள்ளைகள் இல்லை. வீடு என்பது அவன் இல்லாத இருபது நாளும் அவன் சட்டையின் வாசனைதான்: டீசல், உப்பு, பீடி, அடியில் அவனுடைய சொந்த வேர்வை. அவன் உள்ளே வந்ததுமே எங்கே போனான், யாரோடு உட்கார்ந்தான், குடித்தானா என்றெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும், வாசலிலேயே ஆரம்பித்துவிடுவாள். இப்போது மூன்று முறை வந்து போய்விட்டான். பக்கத்தில் படுத்திருப்பது யாரோ போலிருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். அதே தோள், அதே தழும்பு. ஆனாலும் ஒரு பழைய போட்டோவைத் தொட்ட மாதிரித்தான் இருந்தது. அவனும் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. இன்னும் பத்து நாளில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் இரண்டு மாதம் வீட்டிலேயே இருப்பான். அதை நினைத்தால் அவளுக்குப் பயமாகவே இருந்தது.

கிடங்கில் அவளை எறும்புகள் காப்பாற்றின. கசிந்த பெட்டியை எறும்பு முதலில் கண்டுபிடித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத சிறு ஈக்களும் அங்கேதான் மொய்க்கும். அவள் முன்னைவிட மெதுவாக நடந்தாள். அட்டையின் அடியில் விரலால் தடவி ஈரம் பார்த்தாள். சந்தேகம் வந்தால் வட்டம் போட்டாள். வட்டங்கள் கொஞ்சம் கூடின. யாரும் கணக்கெடுக்கவில்லை.

ஒருநாள் ரோசிதான் கேட்டாள். ஸ்டிக்கர் மேசையில் மங்கை விட்டுப்போன நாற்காலிக்கு வந்தவள். முப்பத்தைந்து வயது, ராயபுரத்துக்காரி, வாய் ஓயாது.

"இன்னாக்கா, இன்னிக்குக் கன்டெய்னர் நாளு. பூ வெச்சிகினு வந்துகீறே?"

மங்கையின் கை கொண்டைக்குப் போனது. தெருவில் ஒரு வளைகாப்பு. கிளம்பும்போது பந்தலில் நின்ற யாரோ ஒரு பெண் ஒரு முழம் மல்லியைச் செருகிவிட்டாள். பத்தடி நடப்பதற்குள் அது மறந்துவிட்டது. தலையில் பூ இருக்கிறது என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது வாசனைதானே.

"ஜலதோஷம்டி. மறந்துட்டேன்."

"ஜலதோஷம்னா மூக்கக் கழட்டி என் கைல குடு. நான் போயி மோந்துட்டு வரேன், நீ சொம்மா குந்து."

மேசையே சிரித்தது. மங்கையும் சிரித்தாள். பூவைப் பிய்த்து இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கப் போனாள். எறும்புகளைத் தேடும்போது கண்ணை நீர் மறைத்தது.

*

பங்குனிக் கடைசியில், ஒரு புதன்கிழமை காலை, திலீப் அவளை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டான். மேசையில் மூன்று கண்ணாடிக் கோப்பைகள். மூன்றிலும் கருஞ்சிவப்பாக இரண்டு விரல் உயரத்துக்கு ஒயின். வாசலில் பகலவன் சாய்ந்து நின்றான்.

"ஷிராஸ்க்கா. ஆஸ்திரேலியா. ஒரே தோட்டம், மூணு சரிவு. காடு எரிஞ்ச வருஷத்துப் பழம்," என்றான் திலீப். "புகை பல நாள் தோட்டத்து மேலயே நின்னுச்சாம். திராட்சைத் தோல் அந்தப் புகைய உள்ள வாங்கிச் சர்க்கரையோட சேத்துப் பூட்டி வெச்சுக்கும். போட்ட புதுசுல ஒண்ணும் தெரியாது. நாலஞ்சு வருஷம் கழிச்சு மெல்ல மெல்ல வெளிய விடும். அதான் நம்மகிட்ட மலிவாத் தள்ளி விடுறானோன்னு பயம். லேப் ரிப்போர்ட்டுக்கு மூணு வாரம் ஆகும். எடுத்துக்கிறோமா, திருப்பி அனுப்புறோமான்னு நாலு மணிக்குள்ள சொல்லணும். எதுல சாம்பல் வருதுன்னு பாருங்க."

"உன் மூக்குக்கு இன்னாச்சு தம்பி?"

"எனக்கு இந்த ஒரு வாசனை மட்டும் தெரியாதுக்கா. நாலு பேர்ல ஒருத்தருக்கு அப்படித்தானாம், பொறப்புலயே. மத்ததெல்லாம் வரும். புகைன்னா நமக்கு சைபர்."

செருப்பு அளவைச் சொல்வது போல அவன் அதைச் சொன்னான். முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. மங்கைக்கு ஆச்சரியமாக இருந்தது. இதையே தொழிலாகப் படித்தவன், பகலவன் காதுபடவே சொல்கிறான், கூரை இடிந்து விழவில்லை.

"அக்கா சொன்னாச் சொன்னதுதான் சார். எழுதிக்கோ," என்றான் பகலவன்.

"அவங்க சொல்றத வெச்சுத்தான் என் பேரப் போட்டு மெயில் அனுப்பப் போறேன்," என்றான் திலீப்.

முதல் கோப்பையை எடுத்து மூக்கை உள்ளே விட்டாள். குளிர்ந்த கண்ணாடி மூக்கு நுனியில் பட்டது. அவ்வளவுதான். இரண்டாவது. மூன்றாவது. முன்பெல்லாம் ஷிராஸ் என்றால் மிளகும் நாவல்பழமும் முந்திக்கொண்டு ஏறி வரும். அவள் அதற்கு வைத்த பெயர் மழைக்கால ரசம். இப்போது வற்றிய கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது. சுத்தம் என்று ஒரு சொல் போதும். எறும்பு இல்லை, ஈரம் இல்லை, யாரும் கண்டுபிடிக்க முடியாது. மூன்று வாரம் கழித்து லேப் வேறு மாதிரி சொன்னால் அப்போது ஜலதோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"மூக்குல தெரியலன்னா வாயில தெரியும்க்கா," என்றான் திலீப். "எச்சில் பட்டா அந்தப் பூட்டு திறக்கும். ஆனா நீங்க குடிக்க மாட்டீங்கள்ல."

அவள் மூன்றாவது கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"யக்கோவ்!" என்றான் பகலவன்.

நாற்பத்தெட்டு வயதில் முதல் வாய். புளித்தது. பிறகு நாக்கும் ஈறும் கடுக்காயைக் கடித்த மாதிரி வறண்டு இழுத்தன. அவள் விழுங்கிவிட்டுக் காத்திருந்தாள். புகை வரும், வந்துவிடும், இத்தனை வருடம் பூட்டி வைத்ததை ஒரு கொடியே வெளியே விடுகிறது என்றால் தனக்கும் திறக்காதா. மின்விசிறி சுற்றியது. வெளியே ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும் பீப் பீப் சத்தம். நாக்கு வறண்டே கிடந்தது.

"எனக்கு ஒண்ணியும் தெர்ல தம்பி," என்றாள்.

"மூணும் சுத்தம்." திலீப் கைப்பேசியை எடுத்தான்.

"சுத்தம்னு நான் சொல்லல. எனக்கு மூக்கே இல்ல. தை மாசத்துலேர்ந்து இல்ல."

திலீப் கைப்பேசியைக் கீழே வைத்தான். பகலவன் உள்ளே வந்தான்.

"அப்போ இத்தினி நாளா வட்டம் போட்டுகினு இருந்தியே?"

"எறும்பப் பாத்துப் போட்டேன்."

"எறும்பப் பாத்தா!" அவன் குரல் உயர்ந்து, உடைந்தது. "ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாக்கா? நாங்க இன்னா வேத்து ஆளா? மூக்கு போனதுக்கு உன்ன எவனாச்சும் வெளிய தள்ளுவானா? இப்போ அத்தினி பொட்டியையும் மறுபடி பாக்கணும். ஆபீசருக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

அவர்களை அவள் வேற்று ஆள் என்று நினைத்ததில்லை. சொல்லிவிட்டால் பிறகு தன்னை வேற்று ஆளாகப் பார்ப்பார்கள் என்று நினைத்தாள். அதை வார்த்தையாக்க அவளுக்குத் தெரியவில்லை.

திலீப் கடிகாரத்தைப் பார்த்தான். "வேற யாராவது முகர்ந்து பாக்க முடியுமா?" என்றான். பகலவன் ரோசியைக் கூப்பிட்டான். அவள் பசை ஒட்டிய விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள், மங்கையின் முகத்தைப் பார்த்துத் தயங்கினாள். முதல் இரண்டையும் முகர்ந்து உதட்டைப் பிதுக்கினாள். மூன்றாவதில் மூக்கை விட்டதுமே தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஐயே, மீன் சுட்ட அடுப்புல தண்ணி ஊத்தி அணைச்சா மாறிக் கீது. கலீஜு!"

திலீப் சிரிக்காமல் எழுதிக்கொண்டான்.

தான் விழுங்கியது அதுதான் என்று மங்கை நினைத்தாள். வயிற்றில் ஒரு காட்டின் சாம்பல் இருக்கிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை.

மறுநாள் பழைய அடுக்குகளைப் பிரித்துப் பார்த்தார்கள். அவள் வட்டம் போடாத ஐந்து பெட்டிகள் கசிந்திருந்தன. ஒன்றில் கரும்பூஞ்சை பிடித்து, அடியிலிருந்த மூன்றும் போயிருந்தன. சாக்பீஸ் ரோசியிடம் போனது. மங்கை ஸ்டிக்கர் மேசைக்குத் திரும்பினாள். ரோசி எழுந்துபோன நாற்காலி இன்னும் சூடாக இருந்தது.

"சத்தியமா நான் கேக்கலக்கா," என்றாள் ரோசி.

"எனக்குத் தெரியும்டி. நாளைலேர்ந்து பூண்டு துன்னாத."

ரோசிக்கு அழுகை வந்துவிட்டது. மங்கைக்கு வரவில்லை. பாட்டிலைத் திருப்பினாள், ஒட்டினாள், கட்டைவிரலால் அழுத்தினாள். சுற்றிலும் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளிடமும் பேசினார்கள், கொஞ்சம் கூடுதலாகவே, வியாதிக்காரியிடம் பேசுவது போல.

*

ரகுபதி சனிக்கிழமை மதியம் வந்தான். வழக்கம் போல லுங்கி மூட்டையை வாசலில் போட்டுவிட்டு, நாலு வஞ்சிரத் துண்டுகள் இருந்த பையை நீட்டினான். பையை வாங்கிக்கொண்டே அவள் சொல்லிவிட்டாள். கிடங்கில் சொல்லியாகிவிட்டது, இனி வீட்டில் வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

"எனக்கு வாசன தெர்ல. ஒண்ணுமே தெர்ல."

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே ஒற்றைக் காலில் நின்றான்.

"எப்பலேர்ந்து?"

"தை. அந்தக் காத்து வந்துச்சே, அதுக்கப்பறம்."

"டாக்டரு?"

"வந்தாலும் வரும்னாரு."

ரகுபதி சுவரில் கை ஊன்றிக் கீழே உட்கார்ந்தான். விரல்விட்டு எதையோ கூட்டிக் கழித்தான்.

"அப்போ நான் குடிச்சிட்டு வந்தது ஒனக்குத் தெரியவே தெரியாதா?"

"எப்போ?"

"தை மாசம் வந்தேனே, அப்போ. பசங்க இஸ்துகினு போனானுங்க. நீ வாசல்லயே கிழிக்கப் போறேன்னு பயந்துகினுதான் வந்தேன். நீ ஒண்ணியும் கேக்கல. சோத்தப் போட்டுட்டுப் போயிட்ட. அடுத்த வாட்டி வேணும்னே குடிச்சேன். முட்ட முட்டக் குடிச்சேன். உன் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னேன். அப்பயும் கம்முனு கீற."

"மூணாவது வாட்டி?"

"மூணாவது வாட்டி குடிக்கல. இன்னாத்துக்குக் குடிக்கணும்?" அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சரி, இவளுக்கு நம்ம மேல வுட்டுப்போச்சுன்னு நெனச்சுகினேன்."

மங்கை பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். இருபது நாள், இருபது நாள் என்று நடுக்கடலில் இந்த நினைப்போடு இவன் உட்கார்ந்திருந்திருக்கிறான். அவள் இங்கே துவைத்த ரவிக்கையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவனும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"இன்னிக்கு?" என்றாள்.

ரகுபதி எழுந்து அவள் முகத்துக்கு அருகே வந்தான். ஊதிக் காட்டுவதற்காக வாயைத் திறந்தவன், பாதியில் நிறுத்திக்கொண்டான். அவன் வாய் மெதுவாக மூடியது.

"குடிக்கல," என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். உப்பும் வெயிலும் சிவக்க வைத்த கண்கள். அவை எப்போதும் அப்படித்தான் இருக்கும், அவற்றிலிருந்து ஒன்றும் தெரியாது. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவன் சொல்வதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வர வேண்டிய நிலைமை அவளுக்கு வந்ததே இல்லை. அவன் காத்துக்கொண்டிருந்தான். பையிலிருந்து ஐஸ் தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டியது.